மேற்கத்தியத் தத்துவவாதிகள் அறிவியலை முன்கூட்டியே கண்டுவிட்டார்களா?

கரிசல்மண் எழுதியது:

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் போன மாதம் கிரேக்கத் தத்துவம் பற்றி ஒருவர் பேசினார். நல்ல பேச்சாளர். ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மெட்டு: தேலீஸ் கிரகணத்தைச் சொல்லிவிட்டார், அனாக்ஸிமாண்டர் பரிணாமத்தைச் சொல்லிவிட்டார், டெமாக்ரிடஸ் அணுவைச் சொல்லிவிட்டார், பின்னால் வந்தவர்கள் கருவி வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஒரு நெருடல். ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்லியிருப்பார்கள். அதில் ஒன்று பொருந்தும்போது அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ‘அன்றே சொன்னார்’ என்றால் எப்படி? அதே நேரம் எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளவும் மனசு வரவில்லை. தத்துவவாதி ஒருவர் வெறும் யோசனையால், கருவி எதுவும் இல்லாமல், பின்னால் வரப்போகும் அறிவியலை நிஜமாகவே எட்டிப் பிடித்த இடம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம், ஒன்றிரண்டை ஆழமாகப் பேசினால் போதும்.

வெண்கொம்பு எழுதியது:

உங்கள் பேச்சாளர் பக்கம்தான் நான். லுக்ரீஷியஸ் என்ற ரோமானியக் கவிஞர், கி.மு. முதல் நூற்றாண்டு. டெமாக்ரிடஸ், எபிகியூரஸ் வழி வந்த அணுக் கொள்கையை முழுநீளக் கவிதையாக எழுதியவர். அதன் இரண்டாம் பகுதியில் ஓர் இடம் வரும். இருட்டறைக்குள் வெயில் கீற்று விழும்போது அதில் தூசிகள் ஆடுவதைப் பார் என்கிறார். ஒரு தூசி திடீரெனத் திரும்புகிறது, பின்வாங்குகிறது, இப்படியும் அப்படியும் போகிறது. ஏன்? கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் முதலில் தாமாக அசைகின்றன. அவை தம்மைவிடச் சற்றே பெரிய கூட்டங்களை இடிக்கின்றன, அவை இன்னும் பெரியவற்றை, இப்படிப் படிப்படியாக ஏறி ஏறிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியும் அசைவாகிறது என்கிறார்.

திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் அங்குமிங்கும் ஆடுவதை, அதாவது பிரௌனியன் இயக்கத்தைப் பற்றி 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதியதும், 1908 வாக்கில் பாரிஸில் ஜான் பெரன் நுண்ணோக்கியில் மரப்பிசின் துகள்களைப் பார்த்து அளந்ததும் இதே சங்கதிதானே? அணு உண்டா இல்லையா என்ற சண்டையே அதோடுதான் ஓய்ந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேனருவி எழுதியது:

வெண்கொம்பு, அந்தப் பகுதி எனக்கும் பிடித்தது. ஆனால் அதே கவிதையின் ஐந்தாம் பகுதிக்குப் போங்கள். சூரியன் நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அளவு என்று எழுதியிருக்கிறார். குரு எபிகியூரஸ் சொன்னதும் அதுவே. லுக்ரீஷியஸுக்கு இரு நூற்றாண்டு முன்னாலேயே அரிஸ்டார்க்கஸ் என்ற கிரேக்க வானியலாளர் சூரியன் நிலவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருக்கிறது என்று முக்கோணம் போட்டுக் கணக்கிட்டிருந்தார். உண்மைத் தொலைவு அதைப் போல இருபது மடங்கு என்றாலும், ‘கண்ணுக்குத் தெரிகிற அளவுதான்’ என்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எபிகியூரஸிடம் இன்னொன்றும் உண்டு. வானத்தில் நடப்பதற்குப் பல விளக்கங்கள் பொருந்தினால் எல்லாவற்றையும் வைத்துக்கொள், ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே என்று கடிதம் எழுதியிருக்கிறார். நிலவு தேய்வதற்கு இது காரணமாக இருக்கலாம், அதுவும் இருக்கலாம், எதுவானாலும் தெய்வம் இல்லை என்று தெரிந்து மன நிம்மதி வந்தால் சரி. அவருக்கு வேண்டியது அந்த நிம்மதி. எந்த விளக்கம் சரி என்று சோதிப்பதில் அவருக்கு அக்கறையே இல்லை.

டெமாக்ரிடஸுக்கு அணு எதற்குத் தேவைப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். இருப்பது இல்லாமல் போகாது, இல்லாததிலிருந்து எதுவும் வராது, ஆகவே மாற்றம் என்பதே பொய் என்று பார்மெனிடிஸ் பூட்டுப் போட்டுவிட்டார். அந்தப் பூட்டைத் திறக்கத்தான் அணு வந்தது: மாறாத துண்டுகள், நடுவே வெற்றிடம், மாற்றம் எல்லாம் இடமாற்றம். பிரமாதமான யோசனை. ஆனால் அது தர்க்கச் சிக்கலுக்குத் தர்க்கத்தில் கிடைத்த விடை. டால்டன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணுவுக்கு வந்த வழி வேறு. ஒரே அளவு கரியோடு சேரும் ஆக்சிஜன் ஒரு வாயுவில் ஒரு பங்கு என்றால் இன்னொன்றில் சரியாக இரண்டு பங்கு. ஒன்றரை, ஒன்றேகால் எல்லாம் வருவதில்லை, ஏன் என்று தராசு கேட்ட கேள்வி அது.

நிலாப்பித்தன் எழுதியது:

தேலீஸ் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், இது என் பேட்டை. லிடியர்களும் மீடியர்களும் ஆறாவது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பகல் இரவானது, பயந்துபோய் இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அது கி.மு. 585 மே 28-இல் நடந்த கிரகணம் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் ஹெரோடோட்டஸ் சொல்வது, தேலீஸ் எந்த ஆண்டில் நடக்கும் என்று சொல்லியிருந்தார் என்றுதான். நாள் இல்லை, மாதமும் இல்லை. எழுதியதும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து.

பாபிலோனியர்களிடம் 18 வருடம் 11 நாள் சுழற்சி கையில் இருந்தது உண்மை. அதை வைத்துச் சந்திர கிரகணத்தை ஓரளவு சொல்லலாம். சூரிய கிரகணம் குறிப்பிட்ட ஊரில் தெரியுமா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நிழல் பூமியின் எந்தப் பட்டையில் விழும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டும், அது அன்று யாரிடமும் இல்லை. ஓட்டோ நாய்கபவர் போன்ற பண்டைய வானியல் வரலாற்று அறிஞர்கள் இந்தக் கதையை நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை.

மஞ்சள்பை எழுதியது:

ஆக, தேலீஸ் கிளி எடுத்த சீட்டு. அடுத்தது யார்? 😀

வெண்கொம்பு எழுதியது:

சிரிக்க வேண்டாம். அரிஸ்டார்க்கஸை இப்போதுதான் தேனருவி அக்கா பாராட்டினார், அவரையே எடுத்துக்கொள்வோம். சூரியன் பூமியைவிடப் பெரியது என்று அளந்தவர் அவர். பெரியது சின்னதைச் சுற்றுவானேன் என்று யோசித்திருக்கலாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதும் உடனே ஒரு மறுப்பு வந்திருக்கும்: அப்படியானால் நட்சத்திரங்கள் ஆண்டுக்கொரு முறை இடம் மாறித் தெரிய வேண்டுமே? அதற்கு அவர் விடை, நட்சத்திரங்கள் நினைத்துப் பார்க்க முடியாத தொலைவில் இருக்கின்றன என்பது. ஆர்க்கிமிடீஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த இடமாற்றத்தை பெஸ்ஸல் 1838-இல்தான் அளந்தார். காரணமும் இருக்கிறது, மாட்டிக்கொள்ளக்கூடிய துணிச்சலும் இருக்கிறது. கரிசல்மண் கேட்ட இடம் இதுதான்.

பழைய பெஞ்சு எழுதியது:

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அரிஸ்டார்க்கஸை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர் அளவை எடுத்தவர், வானியலாளர். கரிசல்மண் கேட்டது யோசனையாலேயே எட்டிப் பிடித்த தத்துவவாதியை. எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர் உண்டு: இம்மானுவேல் காண்ட். ‘தூய அறிவின் விமர்சனம்’ எழுதிய வயதான காண்ட் இல்லை. முப்பது வயதில், அதுவரை பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்து, அப்போதுதான் கோனிக்ஸ்பெர்க் திரும்பியிருந்த காண்ட்.

பெர்லின் அகாடமி ஒரு பரிசுப் போட்டி அறிவித்திருந்தது. பூமி தன்னைத் தானே சுற்றும் வேகத்தில் ஆதிகாலம் தொட்டு ஏதாவது மாற்றம் உண்டா, உண்டென்றால் காரணம் என்ன? காண்ட் போட்டிக்கு அனுப்பவில்லை. 1754-இல் உள்ளூர் வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரையாக எழுதிவிட்டார். பழைய பதிவுகளைப் புரட்டி ஆண்டின் நீளம் மாறியதா என்று தேடுவது ஒரு வழி. அதில் நம்பிக்கை இல்லை, காரணத்திலிருந்தே போகிறேன் என்றார். பூமியின் வேகத்தைக் குறைக்கக்கூடியது வெளியே என்ன இருக்கிறது? விண்வெளியில் உராய எதுவுமில்லை. ஆனால் நிலவின் ஈர்ப்பு கடலை இழுக்கிறது, ஓதம், அதாவது கடல் ஏற்றவற்றம், உண்டாகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, ஓதமோ ஒட்டுமொத்தத்தில் கிழக்கிலிருந்து மேற்காக, சுழற்சிக்கு எதிராக மோதுகிறது. மிகச் சின்ன உராய்வுதான். ஆனால் நிற்காத உராய்வு. சின்னது என்பதற்காகக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தத்துவவாதிக்கு அழகில்லை, ஓயாமல் நடந்தால் எந்தப் பெரிய இயக்கத்தையும் அது தின்றுவிடும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

அதோடு நிற்கவில்லை. நிலவு ஏன் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது? அதுவும் இதே கதைதான். நிலவு இளகிய நிலையில் இருந்தபோது பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியைத் தேய்த்துத் தேய்த்து இப்படிப் பூட்டிவிட்டது. பூமிக்கும் ஒருநாள் நிலவோடு இதே கதி வரும் என்றார்.

இது சரி. முழுக்கச் சரி. இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். வானியலாளர்கள் இந்த முடிவுக்கு வந்தது 1860-களில், பிரான்ஸில் டெலோனே, அமெரிக்காவில் ஃபெரல் போன்றவர்கள் வழியாக. நூறு வருட முன்தூரம். அவரிடம் இருந்தது நியூட்டன் மட்டும். கணக்குகூட முழுசாகப் போடவில்லை, அவர் சொன்ன வேகக் குறைவு இன்று தெரிவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் காரணம் சரி, திசை சரி, விளைவு சரி.

நிலாப்பித்தன் எழுதியது:

பெஞ்சு சார், அருமை. இதற்குச் சாட்சி எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் சுவாரசியம்.

ஒரு சாட்சி கடலுக்குள். பவளம் தினமும் மெல்லிய கோடாக ஒரு படிவு போடும், ஆண்டுக்கொரு பெரிய பட்டை தெரியும். 1963-இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் டெவோனியன் காலத்துப் பவளங்களில் ஓர் ஆண்டுப் பட்டைக்குள் எத்தனை நாள் கோடு என்று எண்ணினார். ஏறத்தாழ 400 வந்தது. அதாவது 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஓர் ஆண்டுக்கு 400 நாள்; நாளுக்கு 22 மணி நேரம் மட்டுமே.

இன்னொரு சாட்சி பாபிலோன் களிமண் பலகை. கி.மு. 136-இல் அங்கே முழு சூரிய கிரகணம் தெரிந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி அன்றும் இன்றைய வேகத்திலேயே சுழன்றது என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் நிழல் பாபிலோனில் விழாது, ஏறத்தாழ 49 பாகை மேற்கே தள்ளி விழும். ஆனால் பார்த்தவர்கள் பாபிலோனில் இருந்துதான் பார்த்தார்கள். அந்த 49 பாகை என்பது மூன்றேகால் மணி நேரம். இரண்டாயிரம் வருடத்தில் பூமி என்ற கடிகாரம் காட்டும் பிசகு அவ்வளவு. நூற்றாண்டுக்கு ஒரு நாளின் நீளம் 2 மில்லி விநாடிகூட முழுசாகக் கூடுவதில்லை. ஆனால் பிசகு நாள்தோறும் சேருகிறதே, காண்ட் சொன்ன ‘நிற்காத சின்னது’ இதுதான். பழைய பதிவுகளில் நம்பிக்கை இல்லை என்று ஒதுக்கினார், கடைசியில் பழைய பதிவுதான் அவருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது!

அப்பல்லோ பயணிகள் நிலவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளந்ததில் நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது. அதுவும் இதே ஓதத்தின் மறுபக்கம்.

வெண்கொம்பு எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஆனால் லுக்ரீஷியஸுக்கு ஒரு நியாயம், காண்டுக்கு ஒரு நியாயமா? லுக்ரீஷியஸின் சூரியன் அளவைத் தூக்கிக் காட்டினீர்கள். காண்ட் மறு வருடம், 1755-இல், ‘பொது இயற்கை வரலாறும் வானங்கள் பற்றிய கொள்கையும்’ என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் பால்வெளி ஒரு தட்டையான நட்சத்திரக் கூட்டம், வானில் தெரியும் மங்கலான நீள்வட்டத் திட்டுகள் நம்முடையதைப் போன்ற வேறு பால்வெளிகள் என்று எழுதியிருப்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1920-களில் ஹப்பிள் ஆந்த்ரோமெடாவுக்குத் தூரம் அளந்து நிரூபித்ததும் ‘பார், காண்ட் அன்றே சொன்னார்’.

அதே புத்தகத்தின் மூன்றாம் பகுதியை யாரும் காட்டுவதில்லை. அதில் மற்ற கிரகவாசிகள் வருகிறார்கள். சூரியனிலிருந்து தள்ளிப் போகப் போக உடல் பொருள் லேசாகுமாம், ஆகவே அறிவு கூர்மையாகுமாம். புதன், வெள்ளிக்காரர்கள் மந்தம். வியாழன், சனிக்காரர்கள் மேதைகள், நம் நியூட்டனைக் குரங்கை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இதுவும் அதே பேனா, அதே ஆண்டு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மட்டுறுத்தர்:

விவாதம் நன்றாகப் போகிறது. ஔவையாரின் அணுவைப் பற்றி மூன்று பதிவுகள் வந்தன, அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மேற்கத்தியத் தத்துவம் மட்டும்.

பழைய பெஞ்சு எழுதியது:

வெண்கொம்பு கேட்டது நியாயமான கேள்வி. சனிவாசிகளை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் அதே புத்தகத்தில் சனியைப் பற்றி இன்னொரு இடம் இருக்கிறது. அங்கேதான் காண்டின் குணம் தெரிகிறது என்பேன்.

சனியின் வளையம் தனித்தனித் துகள்களால் ஆனது, ஒவ்வொன்றும் கெப்ளர் விதிப்படி தன் பாதையில் சுற்றுகிறது என்கிறார். இது சரி, மாக்ஸ்வெல் 1850-களின் கடைசியில் கணித வழியாகக் காட்டினார். வளையத் துகள்கள் சனியின் மேற்பரப்பிலிருந்து எழும்பிய ஆவி, எழும்பும்போது சனியின் சுழற்சி வேகத்தையும் கூடவே கொண்டுவந்தன என்பது காண்டின் அடுத்த படி. அப்படியானால் வளையத்தின் உள் விளிம்பு சுற்றும் வேகத்திலிருந்து சனி தன்னைத் தானே சுற்றும் நேரத்தைக் கணக்கிட்டுவிடலாமே? கணக்கிட்டார். 6 மணி 23 நிமிடம் 53 விநாடி. அன்று சனியின் சுழற்சியை யாரும் பார்த்து அளந்திருக்கவில்லை. யாரும் அறியாத ஒரு வான்பொருளின் இயக்கத்தை முன்கூட்டிச் சொல்கிறேன், வருங்காலக் கவனிப்பு இதை உறுதி செய்யட்டும் என்று எழுதி வைத்தார்.

உண்மையில் சனி ஒரு சுற்றுக்கு எடுப்பது பத்தரை மணி நேரம். கணிப்பு தப்பு. எழும்பிய ஆவி என்ற படியே தப்பு.

ஆனால் யோசியுங்கள், 1755-இல் ஹாலியின் வால்நட்சத்திரமே இன்னும் திரும்பி வரவில்லை. 1758 கடைசியில் வரும் என்று ஹாலி சொல்லிவிட்டு 1742-இல் இறந்துபோனார். அது 1758 கிறிஸ்துமஸ் இரவில் டிரெஸ்டன் பக்கத்து விவசாயி பாலிட்ஸ் கண்ணில் பட்ட பிறகுதான், இப்படி முன்கூட்டிச் சொல்லிச் சோதிக்கலாம் என்று ஊருக்கே நம்பிக்கை வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், வானியலாளர் அல்லாத ஓர் ஆசிரியர் விநாடிக் கணக்கில் எண்ணைக் கொடுத்து, ‘இதோ, வந்து என்னைப் பிடி’ என்கிறார். லுக்ரீஷியஸிடம் இப்படி ஓர் இடம் இல்லை. சனிவாசிகள் பற்றி எழுதும்போது காண்டிடமும் இல்லை.

அந்தப் புத்தகத்தின் கதி: பெயர் போடாமல் அச்சானது, அச்சிட்டவர் திவாலானார், பிரதிகளுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பத்து பேர் படித்திருந்தால் அதிகம். காண்ட் அதில் எழுதிய சூரியக் குடும்பத் தோற்றத்தைப் பற்றியே 1796-இல் லாப்லாஸும் எழுதியபோது காண்டின் புத்தகத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. படிக்கப்படாத முன்னறிவால் அறிவியல் ஓர் அங்குலமும் நகராது, அதையும் சொல்ல வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

சார், இது நான் எதிர்பார்க்காத விடை. தப்பான கணிப்பை வரவில் வைக்கிறீர்கள், சரியாகப் பொருந்திய ஊகத்தைச் செலவில் எழுதுகிறீர்கள். ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது.

இடையில் ஒரு கேள்வி. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா கரைகள் ஒன்றோடொன்று பொருந்துவதை 1620-இலேயே பிரான்சிஸ் பேக்கன் சொல்லிவிட்டார், ஆகவே கண்டப் பெயர்ச்சியை முன்னறிந்தவர் என்று ஒரு வாட்சப் செய்தி சுற்றுகிறது. உண்மையா?

தேனருவி எழுதியது:

பாதிகூட உண்மை இல்லை. ‘நோவம் ஆர்கனம்’ இரண்டாம் பகுதியில் ஆப்பிரிக்காவையும் பெரு தேசம் இருக்கும் தென் அமெரிக்காவையும் ஒப்பிடுகிறார். இரண்டிலும் ஒரே மாதிரி நிலஇடுக்குகளும் முனைகளும் இருக்கின்றன, இது தற்செயலாக இருக்க முடியாது என்கிறார். வடிவ ஒற்றுமை, அவ்வளவுதான். ஒன்று மற்றொன்றுக்குள் பொருந்துகிறது என்றோ, ஒட்டியிருந்து பிரிந்தது என்றோ ஒரு வார்த்தை இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912-இல் சொன்னதைப் படித்துவிட்டுப் பின்னோக்கிப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

பேக்கனுக்குப் புகழ் கொடுக்க வேண்டுமானால் அதே பகுதியில் வேறோர் இடம் இருக்கிறது. வெப்பம் என்றால் என்ன என்று கண்டுபிடிக்க, வெப்பம் இருக்கும் இடங்களை எல்லாம் வரிசையாக எழுதுகிறார்: வெயில், மின்னல், தண்ணீர் ஊற்றிய சுட்ட சுண்ணாம்பு, புதுக் குதிரைச் சாணம். அப்புறம் வெப்பம் இல்லாத ஒத்த இடங்கள், உதாரணமாக நிலவொளி. அப்புறம் கூடிக் குறையும் இடங்கள். எல்லாவற்றையும் கழித்துக் கழித்து, வெப்பம் ஒரு வகை இயக்கம், பொருளின் சிறு துகள்களின் இயக்கம் என்று வந்து நிற்கிறார். ரம்ஃபோர்டு மியூனிக்கில் பீரங்கி குடைந்து 1798-இல் சொன்னதும் ஜூல் 1840-களில் அளந்ததும் அந்தத் திசையில்தான். இதைப் பற்றி வாட்சப் செய்தி வராது.

ஆறாம்விரல் எழுதியது:

எல்லோரும் ஹ்யூமை மறந்துவிட்டீர்கள். இதுவரை நடந்தது இனியும் அப்படியே நடக்கும் என்பதற்குத் தர்க்கத்தில் ஆதாரமே இல்லை என்று 1739-இல் சொன்னவர். முன்கணிப்பின் அடித்தளமே ஆடுகிறது. அதோடு அறிவியல் தத்துவவாதி போப்பர்: நாளைய அறிவை இன்றே சொல்ல முடிந்தால் அது நாளைய அறிவே இல்லை, இன்றைய அறிவு. ஆகவே அறிவியலின் வளர்ச்சியை முன்னறிவது தர்க்கப்படியே முடியாத காரியம். இழையின் தலைப்பே தவறு!

தேனருவி எழுதியது:

ஆறாம்விரல், ஹ்யூமின் கேள்வி எல்லா முன்கணிப்புக்கும் பொது. தேலீஸையும் காண்டையும் பிரித்துக் காட்ட அது உதவாது. போப்பர் சொன்னது சரி. ஆனால் காண்ட் ‘1860-களில் டெலோனே இப்படி எழுதுவார்’ என்று சொல்லவில்லை, பூமி மெதுவாகிறது என்றார். உலகில் நடப்பதை முன்கூட்டிச் சொல்வது ஒன்று, அறிவு எப்படிப் போகும் என்று சொல்வது வேறொன்று. போப்பர் தடுப்பது இரண்டாவதை.

அந்த இரண்டாவதில்தான் தத்துவவாதிகள் வரிசையாக விழுந்தார்கள். அதுவும் ‘இது ஒருக்காலும் முடியாது’ என்று கோடு போடும்போது.

அகஸ்ட் கோம்ட் 1835-இல் எழுதினார்: நட்சத்திரங்களின் வடிவம், தூரம், அளவு, இயக்கம் இவற்றை அறிய வழி உண்டாகலாம், அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதை எந்த வழியாலும் ஒருபோதும் அறிய முடியாது. அறிவதே முன்னறிவதற்காக, முன்னறிவதே செயலாற்றுவதற்காக என்று தன் முழுத் தத்துவத்தையும் முன்னறிவின் மேல் கட்டியவர் இவர். அவர் அதை எழுதுவதற்கு இருபது வருடம் முன்னாலேயே ஃப்ரான்ஹோஃபர் சூரிய நிறமாலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கோடுகளைப் பார்த்து எண்ணி வரைந்துவிட்டார். அவை என்ன என்று யாருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான். கோம்ட் 1857-இல் இறந்தார். 1859-இல் ஹைடெல்பெர்க்கில் கிர்க்காஃப் அந்தக் கோடுகளிலிருந்து அங்கே என்ன பொருள் இருக்கிறது என்று படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

காண்டும் தப்பவில்லை. புல்லின் ஓர் இதழ் எப்படி உண்டாகிறது என்று விளக்க ஒரு நியூட்டன் வருவார் என்று நம்புவதே அபத்தம் என்று 1790-இல் எழுதினார். டார்வின் 1859. அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு தர்க்கம் ஓர் அடி முன்னே போகவில்லை, அது முடிந்த சாஸ்திரம் என்று 1787-இல் எழுதினார். ஃப்ரேகே 1879-இல் அதை அடியோடு மாற்றினார். முப்பது வயதில் காரணத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது பூமியின் சுழற்சி வரை எட்டியது. அறுபதில் எல்லை வரைய உட்கார்ந்தபோது நூறு வருடம்கூடத் தாங்கவில்லை.

நிலாப்பித்தன் எழுதியது:

கோம்ட் கதைக்கு நம் பக்கத்தில் ஒரு வால் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூர் வந்தார், அன்று அது சென்னை மாகாணம். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தழல்களை நிறமாலைமானியில் பார்த்தார். பிரகாசமான கோடுகள். இவ்வளவு பிரகாசம் என்றால் கிரகணம் இல்லாமலேயே தெரியுமே என்று மறுநாள் காலை முயன்றார், தெரிந்தது. இங்கிலாந்தில் லாக்கியர் தனியாக அதையே செய்தார். அவற்றில் ஒரு மஞ்சள் கோடு பூமியில் யாரும் அறியாத தனிமத்துடையது என்று லாக்கியர் வாதிட்டார், ஹீலியம். ராம்சே 1895-இல்தான் அதைப் பூமியில் ஒரு கனிமத்துக்குள் கண்டார். பூமியில் இருப்பது தெரிவதற்கு முன்னாலேயே அது சூரியனில் இருப்பது தெரிந்துவிட்டது, பாவம் கோம்ட்.

மஞ்சள்பை எழுதியது:

தெகார்த்தை யாரும் தொடவில்லையே. ‘நான் சிந்திக்கிறேன்’ ஆள். அவருக்கு மார்க் என்ன?

தேனருவி எழுதியது:

அவருக்கு நல்ல மார்க் போடுவேன், தோற்றும்கூட. ஒளி ஒரு கணமும் எடுக்காமல் பரவுகிறது என்பது அவர் முடிவு. 1634-இல் பீக்மன் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இது பொய் என்று காட்டினால் தத்துவத்தில் எனக்கு எதுவுமே தெரியாது என்று ஒப்புக்கொள்கிறேன் என்கிறார். சோதனையும் அவரே சொல்கிறார்: ஒளிக்கு நேரம் எடுக்குமானால் சந்திர கிரகணத்தின்போது சூரியனும் நிலவும் நேர் எதிரெதிரே தெரியாது, விலகித் தெரியும். அப்படித் தெரிவதில்லை. வாதத்தில் பழுதில்லை. ஒளி அவர் நினைத்ததைவிட மிக வேகமானது, அதனால் விலகல் கண்ணுக்கு அகப்படவில்லை, அவ்வளவுதான். வியாழனின் துணைக்கோள் மறைந்து தெரியும் நேரங்களை வைத்து ரோமர் 1676-இல் ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டினார். தெகார்த் அப்போது உயிரோடு இல்லை, இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம். எனக்குச் சந்தேகம்தான்.

வெண்கொம்பு எழுதியது:

சரி, கடைசியாக ஹெகல். கோள்கள் ஏழுதான் என்று தத்துவத்தாலேயே ‘நிரூபித்தார்’, அதே ஆண்டு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சீரெஸ் என்ற சிறுகோள் கிடைத்து அவமானப்பட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் வரும். அது உண்மையா, அல்லது இதுவும் வாட்சப் ரகமா?

பழைய பெஞ்சு எழுதியது:

பாதி உண்மை. 1801 ஆகஸ்டில் யேனா பல்கலைக்கழகத்தில் கோள்களின் பாதை பற்றி ஓர் ஆய்வேடு கொடுத்தார். சூரியனிலிருந்து கோள்களின் தூரங்களைச் சொல்லும் டிட்டியஸ்-போடே எண் வரிசை அன்று பிரபலம். அதன்படி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கோள் குறைகிறது என்று பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹெகல் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில், வெறும் எண் வரிசைதான் வேண்டுமென்றால் பிளேட்டோவின் ‘திமேயஸ்’ உரையாடலில் வேறொன்று இருக்கிறதே என்று 1, 2, 3, 4, 9, 16, 27 என எடுத்துப் போட்டார். அதில் 4-க்கும் 9-க்கும் நடுவே தானாகவே பெரிய இடைவெளி, அங்கே கோளைத் தேட வேண்டியதில்லை. ஏழு கோள்தான் இருக்க முடியும் என்ற நிரூபணம் எதுவும் அதில் இல்லை. ஆனால் பிளேட்டோவில் 8 இருந்த இடத்தில் 16 என்று அவரே மாற்றிக்கொண்டார். அது எனக்கு உறுத்துகிறது.

சீரெஸை பியாஸ்ஸி பலெர்மோவில் அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதியே பார்த்துவிட்டார். சில வாரத்தில் அது சூரியன் பக்கம் போய் மறைந்தது. 24 வயது காஸ் அந்தச் சில வாரக் குறிப்புகளிலிருந்து பாதையைக் கணக்கிட்டார், ஆண்டு முடிவதற்குள் திரும்பக் கிடைத்தது.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. 1846-இல் நெப்டியூன் கிடைத்தபோது டிட்டியஸ்-போடே வரிசைப்படி அது பூமி-சூரியன் தூரத்தைப் போல 38.8 மடங்கில் இருக்க வேண்டும், இருந்தது 30.1-இல். அந்த வரிசைக்குப் பின்னால் காரணம் எதுவும் இல்லை என்ற ஹெகலின் சந்தேகம் தப்பில்லை.

வெண்கொம்பு எழுதியது:

சந்தேகம் சரி, அதற்குப் பதிலாக வைத்த வரிசை இன்னும் மோசம். 8-ஐ 16 ஆக்கியவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை சார்.